வல்லாரை சொல்லும் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருந்து நூல்களைப் புரட்டுவோர், இலத்தீனும் கிரேக்கமும் அணிவகுத்து நிற்கும் பக்கங்களுக்கிடையே ஒரு சொல்லைக் கண்டு சற்றே நின்றுவிடுவர். 'வெல்லாரின்' என்பது அச்சொல். எங்கோ கேட்ட ஒலியாக இருக்கிறதே என்று எண்ணத் தோன்றும். கேட்ட ஒலிதான். 1855 ஆம் ஆண்டு, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படையின் மருந்தாளராக இருந்த லெப்பீன் என்பார், நம் வாய்க்கால் ஓரத்து வல்லாரையை உலர்த்தி, வடித்து, எண்ணெய் போன்றதொரு பொருளைப் பிரித்தெடுத்தார். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வேண்டுமே! தமிழர் செடிக்கு இட்ட பெயரையே எடுத்து, அதன் வாலில் மேனாட்டு வேதியியலார் வழக்கப்படி ஓர் 'இன்' சேர்த்து, வெல்லாரின் என்று பதிவு செய்தார். பாரிசில் அச்சான மருந்தியல் இதழில் அப்பெயர் ஏறிற்று.

தமிழ் விஞ்ஞானத்துக்கு ஏற்ற மொழியன்று என்று நெடுநாள் நம்மிடம் சொல்லி வந்தவர்கள் உண்டு. அவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே, ஒரு கீரையின் வழியாகத் தமிழ், விஞ்ஞான ஏட்டின் வாயிற்படியைத் தாண்டிவிட்டது. ஆனால், மகிழ்ச்சி கொண்டு மார்தட்டி நின்றுவிடுவதற்காக இதனை எழுதவில்லை. அந்தச் சொல் உள்ளே போனது. அதற்கு உரியவர்கள் வெளியே நின்றனர். ஏன் நின்றனர் என்பதே கேள்வி.

வல்லாரை ஈரம் விரும்பும் கொடி. தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, சிறு குதிரைக் குளம்பு போன்ற இலைகளை நிமிர்த்தி நிற்பது. எங்கள் சூலக்கரைப் பக்கத்துக் கரிசலில் அது தானாக முளைப்பது அரிது. கண்மாயின் மறுகால் ஓரத்திலோ, நீர் கசியும் கிணற்று மேட்டிலோ தேடினால் உண்டு. இல்லையேல் சந்தையில் கட்டாக வாங்க வேண்டியதுதான். ஈழத்தில் அதன் செல்வாக்கு நம்மினும் பெரிது. யாழ்ப்பாணத்து வீடுகளில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பச்சையாகவே வல்லாரைச் சம்பல் செய்வர். சிங்களவர் அதனைக் கொட்டுகொல என்பர், கஞ்சியிலும் சேர்ப்பர். லின்னேயசு 1753 இல் அதற்கு இட்ட பெயர் ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா. 1879 இல் உர்பன் என்னும் செருமானியர் அதனைச் சென்டெல்லா என்னும் இனத்துக்கு மாற்றினார். இன்று உலகம் அறிந்த பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா.

நம் நாட்டில் அதற்கு இன்னொரு பெயரும் சூட்டப்பட்டது: சரசுவதிக் கீரை. அறிவு வளர்க்கும் என்று நம்பியதால் கலைமகள் பெயரை ஒட்டினர். நல்லது, ஆனால் கலைமகள் பெண்ணன்றோ? அவள் பெயரால் கீரையைக் கிள்ளி, துவையல் அரைத்து, ஆண்பிள்ளைக்கு ஊட்டிய அதே வீட்டில், கீரையைக் கிள்ளிய பெண்ணின் கையில் ஏட்டைக் கொடுக்க மறுத்தனரே, அது எந்தக் கலைமகள் இட்ட கட்டளை? சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி பட்டம் பெற 1912 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கீரை பன்னூறு ஆண்டுகளாக முளைத்துக்கொண்டுதான் இருந்தது.

பிரெஞ்சுக்காரருக்கு முன் டச்சுக்காரர். கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாளக் கரையின் செடிகொடிகளை எல்லாம் படமாக்கி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் வல்லாரை இடம் பெற்றுள்ளது. அந்நூலுக்கு அறிவு வழங்கியவர் யார்? கொங்கணப் பார்ப்பனர் மூவர் சான்றளித்தனர். ஆனால் செடிகளின் பெயரையும் குணத்தையும் தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளிலிருந்து எடுத்துச் சொன்ன தலைமை மருத்துவர் இட்டி அச்சுதன். ஈழவர். கோயிலுக்குள் நுழைய அவருக்கு உரிமையில்லை. சாதி இந்துக்கள் நடக்கும் தெருவில் நடக்கவும் தடை. அவர் 1675 இல் எழுதிக் கொடுத்த சான்று நூலின் முதல் தொகுதியில் அச்சாகி இன்றும் இருக்கிறது. தீண்டத்தகாதவன் என்று தள்ளப்பட்டவனின் அறிவு ஐரோப்பாவின் அரங்கேறிற்று! வான் ரீடு அந்தப் பெயரை மறைக்காமல் அச்சிட்டார் என்பதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். அவருக்குப் பின் வந்த பலர் அந்த நேர்மையைக் காட்டவில்லை.

எடுத்துக்காட்டு வேண்டுமா? சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஐன்ஸ்லி என்பார் 1813 இல் சென்னையிலேயே ஒரு மருந்துப் பொருள் நூலை வெளியிட்டார். 1826 இல் அதனை விரிவாக்கி இரு தொகுதிகளாக இலண்டனில் பதிப்பித்தார். வல்லாரையைப் பற்றி அவர் குறித்தவை இரண்டு. ஒன்று, இலையை வாட்டி வெந்தயத்துடன் ஊறவைத்து, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்ட குழந்தைகளுக்குக் கொடுப்பர் என்பது. மற்றொன்று, அடிபட்ட இடத்தில் வீக்கம் காணாதிருக்க இலையை வைத்துக் கட்டுவர் என்பது. இந்த இரண்டாவது குறிப்பை நினைவில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். குழந்தைக்கு வெந்தயத்துடன் வல்லாரை கொடுத்தவர்கள் யார்? தாய்மாரும் மருத்துவச்சிகளும் அன்றி வேறு யாராக இருக்க முடியும்? அவர்களுள் ஒருவர் பெயரேனும் நூலில் உண்டா? இல்லை. 'நாட்டு வைத்தியர்' என்ற ஒரு தொகைச் சொல்லோடு கணக்கு முடிந்துவிட்டது.

இனி, கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். இது தொழுநோயின் கதை.

அந்நோயைப் பெருநோய் என்றனர், குட்டம் என்றனர், முன்வினை என்றனர். முற்பிறவியில் செய்த பாவம் இப்பிறவியில் விரலைத் தின்கிறது என்று சாத்திரம் பேசினர். கன்மம் என்ற ஒரு சொல்லால் நோயாளியின் வாயையும் அடைத்தாயிற்று, மருத்துவனின் கையையும் கட்டியாயிற்று! பாவத்துக்கு மருந்து தேடுவானா எவனும்? ஊருக்கு வெளியே ஒரு குடிசை. கோயில் வாசலில் ஒரு திருவோடு. இவ்வளவே சமூகம் அளித்த சிகிச்சை. மேனாடும் இதில் நம்மைக் காட்டிலும் மேலானதாக இருந்ததில்லை. அங்கும் நோயாளியின் கழுத்தில் மணி கட்டி நடக்கவிட்ட காலம் உண்டு.

இந்தச் சூழலில், 1852 இல், மொரீசியசுத் தீவில் புவாலோ என்னும் மருத்துவர் வல்லாரையால் தொழுநோய் குணமடையும் என்று அறிவித்தார். அவரே அந்நோய்க்கு ஆளாகித் தம்மீதே அதனைச் சோதித்தவர் என்று அக்கால நூல்கள் சொல்கின்றன. செய்தி கடல் கடந்து புதுச்சேரிக்கு எட்டிற்று, சென்னைக்கும் எட்டிற்று. புதுச்சேரியில்தான் நாம் முதலில் கண்ட லெப்பீன் வேலையைத் தொடங்கினார். உலர்ந்த செடியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, சில வேளை அதற்கும் சற்றுக் குறைவாக, வெல்லாரின் அவருக்குக் கிடைத்தது. சாராயத்தில் கரைந்தது, ஈதரில் கரைந்தது, பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் அப்படியே அதில் இருந்தன. இதுவே நோய் தீர்க்கும் சத்து என்று அவர் கருதினார்.

சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் ஹண்டர் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்கு வல்லாரையைக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய முடிவு 1855 இல் சென்னை மருத்துவக் குழுவின் அறிக்கைகளோடு வெளியாயிற்று. உடல் நலம் தேறுகிறது, பசி எடுக்கிறது, தோல் மாறுகிறது, சிலருக்கு நன்மை தெரிகிறது, ஆயினும் தொழுநோயை அடியோடு நீக்கும் தனிமருந்து இதுவன்று. இதுவே அவர் கண்ட உண்மை. மருந்து விற்க வந்தவரானால் வேறுவிதமாக எழுதியிருப்பார். பயன் இவ்வளவு, எல்லை இவ்வளவு என்று அளந்து சொல்லும் இந்தப் பண்பே ஆராய்ச்சி எனப்படுவது. 1868 இல் அரசினர் வெளியிட்ட இந்திய மருந்து நூலில் வல்லாரைக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டே சென்னையைச் சேர்ந்த மொகிதீன் ஷெரீப் அந்நூலுக்கு எழுதிய துணைநூலில் நாட்டு மருந்துகளின் பெயர்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் சரிபார்த்துத் தொகுத்தார். வெயிலில் காயவைக்காதே, நிழலில் உலர்த்து என்று நம் வைத்தியர் சொல்லி வந்த முறையும் அந்நாள் மருந்து நூல்களில் ஏறிற்று.

வெல்லாரின் என்னவாயிற்று? கரைந்தே போயிற்று என்று சொல்லலாம். அது ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. பின்னர் வந்த வேதியியலார், எந்த வகுப்பிலும் அடங்காத இந்த எண்ணெய் எது என்று திகைத்துக் கைவிட்டனர். லெப்பீனைக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் இருந்தவை வடிகலமும் தராசும் சாராயமுமே. ஒரு கலவையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் பிறக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1873 இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன், தொழுநோயாளிகளின் திசுக்களில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். முற்பிறவிக்கு அன்றோடு வேலை போயிற்று! பாவம் என்று சொல்லப்பட்டது பூதக்கண்ணாடியின் கீழ் அசையாமல் கிடந்தது. ஆனால் கிருமியைக் கண்டதனால் மனம் மாறிவிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1898 இல், வெள்ளை அரசு இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் இயற்றிற்று. பிச்சை எடுக்கும் தொழுநோயாளியைப் பிடியாணை இல்லாமலே போலீசார் பிடித்து அடைக்கலாம் என்றது அது. ஏழையின் நோய் மட்டும் குற்றமாயிற்று என்பதைக் கவனியுங்கள்; மாளிகையில் இருந்த நோயாளியை அச்சட்டம் தேடவில்லை. விடுதலை வந்தது 1947 இல்; அச்சட்டம் முற்றிலும் நீங்கியது 2016 இல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பது மணவிலக்குக்குக் காரணமாகும் என்ற விதியை நாடாளுமன்றம் நீக்கியது 2019 இல். கிருமியைக் கண்டு 146 ஆண்டுகள் கழித்து!

வல்லாரையின் உண்மைச் சத்து வெளிப்பட்டது மடகாசுகரில். அதுவும் அந்நாள் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த தீவு. 1941 இல் போந்தாம் என்பவர் அத்தீவின் வல்லாரையிலிருந்து வெண்ணிறப் படிகமாக ஒரு பொருளைப் பிரித்து, செடியின் பெயரை ஒட்டி ஏசியாட்டிகோசைடு என்று பெயரிட்டார். தாவரவியலார் புவாத்தோவும், மலகாசி நாட்டு மண்ணின் மைந்தரான ஆல்பர்ட் ரத்சிமமங்காவும் அதனைத் தொழுநோய்க்குச் சோதித்து எழுதினர். புவாத்தோ பிரெஞ்சுக்காரர், ஆனால் அடிமைப்பட்ட மலகாசி மக்களின் பக்கம் நின்றவர், அவர்தம் வரலாற்றை எழுதியவர். ரத்சிமமங்காவோ 1957 இல் தம் நாட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, மலகாசி மூலிகைகளை மலகாசி இளைஞர்களே ஆராயும் வழி செய்தார். நாட்டு வைத்தியர் என்ற தொகைச் சொல்லுக்குள் மறைந்து கிடந்த இனத்திலிருந்து ஒருவர் எழுந்து, தம் பெயரிலேயே கட்டுரை எழுதினார். இட்டி அச்சுதனுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

அப்பொருள் எப்படிப்பட்டது? வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பார்க்கலாம். அதன் உடல், ஏசியாட்டிக் அமிலம். 30 கரி அணு, 48 நீரக அணு, 5 உயிரக அணு சேர்ந்தது. ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கட்டமைப்பு. எண்ணெய்ப் பசை கொண்டது. நீரில் எளிதில் கரையாது. அதன் ஓரத்தில் மூன்று சர்க்கரைகள் சங்கிலியாகத் தொங்குகின்றன: இரண்டு குளுக்கோசு, ஒன்று ராம்னோசு. மூன்று சர்க்கரைக்கும் சேர்த்து 18 கரி அணு. 30 உடன் 18 சேர்த்தால் 48. ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். மூன்று பிணைப்புக்கு மூன்று. கழித்துக் கூட்டினால் 48 கரி, 78 நீரகம், 19 உயிரகம். இதுவே ஏசியாட்டிகோசைடு. ஒரு முனை எண்ணெயை நாடும்; மறுமுனை நீரை நாடும். இரண்டு குணமும் ஓருடலில் இருப்பதால் சவுக்காரம்போல் நுரைக்கும். இவ்வினத்தைச் சாபோனின் என்பர். உண்டால், குடலில் சர்க்கரைச் சங்கிலி அறுந்து, ஏசியாட்டிக் அமிலமே உடலுள் சேர்கிறது. இதனோடு உடன்பிறப்புகளாக மெடிகாசோசைடும் மெடிகாசிக் அமிலமும் உண்டு. பெயரிலேயே மடகாசுகர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளத்து ஆராய்ச்சியாளர் தாங்கள் பிரித்த பொருளுக்கு வங்கப் பெயரான தான்குனியை ஒட்டித் தான்குனிசைடு என்று பெயரிட்டனர். 1960 இல் இலக்னோவில் பிரித்தவற்றுக்குப் பிராமோசைடு, பிராமினோசைடு என்று பெயர் வைத்தனர். தமிழ்ப் பெயர் தாங்கிய வெல்லாரின் மட்டும் மறைந்துவிட்டது. வருந்துவதற்கு அதில் என்ன இருக்கிறது? தவறான பொருளுக்கு நம் பெயர் நிலைப்பதைவிட, சரியான பொருளுக்கு வேறு பெயர் நிற்பதே மேல்.

ஏசியாட்டிகோசைடு, தொழுநோய்க் கிருமியின் மெழுகுப் போர்வையைக் கரைத்து அதனை வலுவிழக்கச் செய்கிறது என்று அவர்கள் கருதினர். நல்ல கருத்து; ஆனால் காலம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதே 1940களில் நம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் காக்ரேன் என்னும் மருத்துவர், அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில், டாப்சோன் என்ற செயற்கை மருந்தைச் செலுத்திப் பார்த்தார். கிருமி தோற்றது. வேலூரில் பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். 1980களில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக நலவாழ்வு நிறுவனம் பரப்பிற்று. இன்று தொழுநோய் ஆறு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ தீரும் நோய். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். எனவே, தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவர் வல்லாரைக் கற்பம் தேடி அலைதல் கூடாது. அலையும் மாதங்களில் நரம்பு சாகும்; செத்த நரம்பை எந்தக் கீரையும் எழுப்பாது.

இங்கே இரண்டு குரல்கள் கேட்கும். எல்லாம் எங்கள் முனிவர் அன்றே அறிந்தார், வெள்ளைக்காரன் திருடிப் போனான் என்பது ஒன்று. நாட்டு மருந்தா, அது பாட்டி கதை என்பது மற்றொன்று. முன்னதற்குக் கேட்போம்: அறிந்தார் எனில், அறிந்ததை ஏன் பரிபாடையில் ஒளித்தார்? சீடன் ஒருவனுக்கன்றிச் சொல்லாதே என்று ஏன் ஆணையிட்டார்? ஏட்டைப் பூட்டிவைத்துக் கரையானுக்குக் கொடுத்தவனும் ஒருவகைத் திருடனே. பின்னதற்குக் கேட்போம்: அடிபட்ட இடத்தில் இலை வைத்துக் கட்டிய பாட்டியின் அறிவை ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்துவிட்டா கதை என்றீர்? சோதிக்காமல் நம்புவது மடமையெனில், சோதிக்காமல் தள்ளுவதும் மடமைதானே! யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் கிரீன், தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்து, 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் வேதியியல் நூலையே தமிழில் அச்சிட்டார். அந்த வழியில் நாம் தொடர்ந்து நடந்திருந்தால், வல்லாரையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை பாரிசிலிருந்து வரும்வரை காத்திருந்திருக்க வேண்டுமா?

நினைவாற்றலைப் பற்றி ஒரு சொல். தேர்வு நெருங்கினால் எம் மாணவர் சிலரின் சட்டைப்பையில் வல்லாரை மாத்திரை குலுங்கும். பெற்றோர் வயிற்றைக் கட்டி வாங்கித் தருவது. சென்னையில் மனவளர்ச்சி குன்றிய 30 குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துச் செய்த ஆய்வொன்று 1973 இல் வெளியாயிற்று. அறிவுத்திறன் கூடிற்று என்றது அது. விளம்பரக்காரருக்கு அது போதுமானதாயிற்று! முப்பது பிள்ளைகளை வைத்து முப்பது கோடிப் பிள்ளைகளுக்குத் தீர்ப்பெழுதலாமா? 2017 இல், அதுவரை உலகெங்கும் நடந்த சோதனைகளுள் தரமான 11 சோதனைகளைத் திரட்டிச் சீர்தூக்கிய ஆய்வாளர்கள், மனக்கிளர்ச்சி தணிந்து சுறுசுறுப்பு சற்றுக் கூடலாம், நினைவாற்றல் வளர்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு கூறினர். இன்னொரு குழப்பமும் உண்டு. வடமொழியில் பிராமி என்ற பெயரை ஒரு சாரார் வல்லாரைக்கும், மற்றொரு சாரார் நீர்ப்பிரமிக்கும் வழங்கினர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள், சத்தும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் சான்றை மற்றொன்றின் புட்டியில் ஒட்டி விற்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு மாத மாத்திரைக்கு ஆகும் காசில் இரண்டு நூல்கள் வாங்கலாம் என்று நான் சொன்னால், ஆசிரியர் அப்படித்தான் சொல்வார் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கீரையாக உண்பதற்குத் தடையேதும் இல்லை. துவையலோ, பருப்புக் கூட்டோ, தோசை மாவில் அரைத்ததோ, கிழமைக்கு ஒருமுறை இருமுறை உண்பது நன்று. பச்சைக்கீரை எதிலும் உள்ள சத்துகளோடு குவர்செட்டின் போன்ற நிறப்பொருள்களும் அதில் உண்டு. ஒன்று மட்டும் கருதத்தக்கது: சாக்கடை ஓரத்திலும் அது செழித்து வளரும், நிலத்து நஞ்சை இலையில் ஏற்றிக்கொள்ளும். பச்சையாக உண்பவர் எங்கே பறித்தது என்று கேட்டு வாங்குவதும், நன்கு அலசுவதும் வேண்டும். மாத்திரையாகவும் சாறாகவும் வாரக்கணக்கில் உண்பது வேறு. வல்லாரை மாத்திரையைத் தொடர்ந்து உண்ட பெண்கள் மூவருக்கு மஞ்சள் காமாலையும் கல்லீரல் அழற்சியும் கண்டதை அர்செந்தீன மருத்துவர் 2005 இல் எழுதினர், நிறுத்தியபின் தேறினர். மூலிகைக்குப் பக்க விளைவு இல்லை என்று சொல்வோர் எட்டிக்கொட்டையை மறந்துவிடுகிறார்கள் போலும்!

இப்போது ஐன்ஸ்லியின் இரண்டாவது குறிப்புக்கு வருவோம். அடிபட்ட இடத்தில் வல்லாரை. தொழுநோயில் தோற்ற ஏசியாட்டிகோசைடு, புண்ணில் வென்றது. தொழுநோயாளியின் ஆறாத புண்கள் ஆறுவதைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் அதனைக் களிம்பாக்கினர். ஏசியாட்டிகோசைடு நூற்றுக்கு 40 பங்கும், ஏசியாட்டிக் அமிலமும் மெடிகாசிக் அமிலமும் எஞ்சிய பங்குமாக அளந்து சேர்த்த சாறு அது. மதெகசோல் என்று விற்கப்பட்டது. தென்கொரியாவில் வீட்டுக்கு வீடு இருக்கும் களிம்பாயிற்று. அழகுப் பொருள்களிலும் இன்று ஏறி, கீரை விலைக்குப் பன்னூறு மடங்கில் நம்மிடமே திரும்பி வருகிறது. வேலை செய்யும் விதமும் தெரிந்துவிட்டது. 1990 இல் மக்கார் என்பாரும் தோழரும் மனிதத் தோலின் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, இச்சாறு சேர்ந்தபோது அவை கொலாசன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாக நெய்தன என்று காட்டினர். புண்ணின் இடைவெளியை நிரப்பும் நூல் அந்தக் கொலாசன்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்து வயிறு கழுவும் ஊர்கள் சூலக்கரையிலிருந்து சிவகாசி வரை வரிசையாக இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவரை நாடு எண்ணிற்று. வெந்த கையோடும் சுருங்கிய கழுத்தோடும் வாழ்வோரை எண்ணுவார் இல்லை. தழும்பு இறுகி முழங்கை நீளாமல் போன பெண்ணை மறுபடி வேலைக்கு எடுப்பவர் யார்? மணக்க முன்வருபவர் யார்? அவளிடமும் முன்வினை என்ற பழைய சொல்லையே சொல்கிறார்கள். ஆலையில் மருந்தைக் கலக்கும் அறையில் நெருக்கியடித்து ஆள் வைத்தவனின் இப்பிறவிச் செயலை யாரும் பேசுவதில்லை.

ஆகவே இங்கே பிழையற்ற அறிவு வேண்டும். தீப்பட்ட உடனே வல்லாரையை அரைத்துப் பூசுவோர் உண்டு. வாழைச்சாறு, பற்பசை, மை பூசுவோரும் உண்டு. தோல் போன இடத்தில் வாய்க்கால் ஓரத்து இலையை அப்புவது, கிருமியை விருந்துக்கு அழைப்பதாகும். கொப்புளம் அழுகும், மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவும் இயலாது. ஆராய்ச்சி கண்ட பயன் அளந்து தூய்மை செய்த சாற்றுக்கு உரியது. அதுவும் புண் ஆறிவரும் நாள்களிலும், தழும்பு தடிக்காமல் காக்கும் மாதங்களிலும், மருத்துவர் சொல்லும் முறைப்படி பூசுவது. தீப்பட்ட அந்த நேரத்துக்கு உரியது ஓடும் தண்ணீர். எரியும் துணியை நீக்கி, ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றி, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி வைத்தல் ஆகாது. ஒவ்வோர் ஆலை வாயிலிலும் எழுதி வைக்க வேண்டியது இது. தமிழில், பெரிய எழுத்தில், கலவை அறைக்குள் நுழையும் பெண் படிக்கும் உயரத்தில்.